பியூலாவின் காஜா அட்டை

பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் உத்தியோகத்தில் சம்பளம் கிடையாது, ஷிஃப்ட் மாற்றிவிட ஆள் கிடையாது, வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுக்கவும் இடம் கிடையாது. வாசிப்பு வராத ஒரு பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் ஆறு மணியானால் நெஞ்சு படபடக்கப் பாடப் புத்தகத்தைத் திறக்கிற தாய்மார்களே, தகப்பன்மார்களே, நான் உங்கள் கட்சி.

என் நிஜத் தொழில் தையல். கோலார் தங்கவயலில் ஸ்கெலட்டன் என்கிற லைனில் வீடு. அந்தப் பெயரைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் திடுக்கிடுவார்கள். எங்களுக்கு அது ரேஷன் கார்டில் இருக்கிற விலாசம், அவ்வளவுதான். வாசலில் 'எஸ்தர் லேடீஸ் டெய்லர், ஸ்கெலட்டன்' என்று இங்கிலீஷில் ஒரு போர்டு தொங்குகிறது. நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். ஆனாலும் போர்டுக்கான எழுத்துகளை நானே சிலேட்டில் எழுதிக் கொடுத்து, பெயிண்டர் பக்கத்தில் நின்று வேலை வாங்கினேன். வீட்டுக்காரர் விடிவதற்கு முன்னே ரயிலேறி பெங்களூருக்குப் போய்விட்டு, விளக்கு வைத்த பிறகு வீடு வருகிறவர். ஒரே மகள் பியூலா, மூன்றாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். வீட்டில் தமிழ், பஸ்ஸில் கன்னடம், கீரைக்காரம்மாவிடம் தெலுங்கு என்று மூன்று பாஷையில் வாயாடுவாள். வாசிக்கத்தான் ஒன்றிலும் வராது. அது எங்களுக்குத் தெரியவந்த கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஒட்டிக்கொண்ட பக்கம்

தசரா லீவுக்கு முன்னால் கிளாஸ் மிஸ் கூப்பிட்டனுப்பினார். பியூலாவுக்கு வாசிக்க வரவில்லை, பிப்ரவரியில் ஹெட்மிஸ்ட்ரஸ் அவளுக்கு இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார், முடியாவிட்டால் இன்னொரு வருஷம் மூன்றாம் வகுப்பிலேயே உட்காரட்டும் என்று நினைக்கிறோம் என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வீட்டில் தினமும் பாடத்தைத் தண்ணீர் பட்ட பாடாகப் படிக்கிறவளைப் போய் இப்படிச் சொல்கிறார்களே என்று, அங்கேயே புத்தகத்தை அவள் கையில் கொடுத்து, படித்துக் காட்டு என்றேன்.

அவளும் கணீரென்று படித்தாள். ஒரு பக்கம் முடிந்து புரட்டினாள். புரட்டியதில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே புரண்டுவிட்டது. அவள் நிறுத்தவில்லை. ஒட்டிக்கொண்டு உள்ளே மறைந்திருந்த பக்கத்தையும் ஒரு வார்த்தை விடாமல் படித்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்கு வந்தாள். நான் மிஸ்ஸைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்தேன். மிஸ் மெதுவாகப் புத்தகத்தை வாங்கி மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:

"உங்க பொண்ணு ரொம்ப நல்லாத்தான் படிக்கிறாம்மா. அதுக்கு புஸ்தகம்தான் தேவைப்படல."

ரயில் வாத்தியார்கள்

அன்றைக்கு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது பியூலா, ரோஷினி நாலாம் வகுப்புக்குப் போய்விட்டால் நான் யார் பக்கத்தில் உட்காருவது என்று கேட்டாள். ரோஷினி, எல்.கே.ஜி.யிலிருந்து ஒரே பெஞ்சில் உட்காருகிற சிநேகிதி. அடுப்பங்கரைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன்.

வீட்டுக்காரர் விஷயத்தை ரயிலில் போட்டு உடைத்துவிட்டார். அவரோடு தினமும் போகிற கோஷ்டியில் ஆளுக்கொரு யோசனை. ஒருவர் வல்லாரைக் கீரை என்றார், ஒருவர் பாதாம் என்றார். பெங்களூரில் இதற்கென்றே ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்றார் இன்னொருவர். அதன் ஃபீஸை என்னிடம் சொல்லும்போது வீட்டுக்காரருக்கே குரல் இறங்கிவிட்டது. கடைசியில் ஒரு புண்ணியவான், எழுத்துக்குப் பேர் வேறு சத்தம் வேறு, சத்தத்தைச் சொல்லிக்கொடுங்கள், காசு செலவில்லை என்று சொல்லி, ஒரு வாரம் ரயிலிலேயே பாடமும் எடுத்தார். வீட்டுக்காரர் 'ப்ப, ப்ப' என்று பழகுவதைப் பார்த்து எதிர் சீட்டு அம்மா விக்கல் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாராம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் உட்கார்ந்தார்கள். நல்ல காரியம், சொந்தப் பேரிலிருந்து ஆரம்பிப்போம் என்றார் இவர். அங்கேதான் வந்தது வினை. பியூலா என்ற பேரை என் மாமனார் பைபிளிலிருந்து எடுத்து வைத்தார். இங்கிலீஷில் அதற்கு பி, இ, யூ, எல், ஏ, ஹெச். ரயில் பாடப்படி சத்தம் கூட்டினால் 'பெ-அ-ல-ஹ' என்று வருகிறது. இன்னொரு முறை கூட்டினார்கள். அப்போதும் 'பெ-அ-ல-ஹ' தான். பியூலா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ என் பேரே ஸ்பெல்லிங் மிஸ்டேக்காப்பா?"

இரண்டு கண்

கண்ணில் கோளாறு இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அந்த மாதமே எங்கள் சர்ச் ஹாலில் இலவசக் கண் முகாம் நடந்தது. வரிசையில் பியூலா ஆறாவது ஆள். முன்னால் நின்ற ஐந்து பேரும் சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளை உரக்கப் படித்துவிட்டுப் போனார்கள். இவள் முறை வந்தது. வலது கண்ணைக் கையால் மூடிக்கொள் என்றார் சோதிக்கிற தம்பி. இவளுக்கு இடது வலது குழப்பம். இடது கண்ணை மூடிக்கொண்டாள். அந்தத் தம்பி கவனிக்காமல், உதவிக்கு என்று தன் கையிலிருந்த அட்டையால் வலது கண்ணையும் மறைத்துவிட்டார்.

இவள் கவலையே படவில்லை. மேல் வரியிலிருந்து ஆரம்பித்து கடகடவென்று இறங்கினாள். நாலாவது வரியில்தான் அந்தத் தம்பி குனிந்து பார்த்தார். அதற்குள் இவள் முடித்துவிட்டாள். பிறகு வேறு அட்டை வைத்து மறுபடியும் சோதித்து, கண்ணில் குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போது எழுந்து நின்று, மரியாதையாகத்தான் சொன்னார்:

"அக்கா, ரெண்டு கண்ணையும் மூடிக்கினு கடைசி வரி வரைக்கும் படிச்ச மொத ஆளு உங்க பொண்ணுதான்."

எடைக்குப் புத்தகம்

வீட்டில் இருக்கிற புத்தகமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். புதுப் புத்தகம் வாங்க வழியில்லை. பழைய பேப்பர் கடைக்குப் போனால் கதைப் புத்தகங்களை எடைக்குத் தருவார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அரை மணி நேரம் குவியலைக் கிளறி, பெரிய எழுத்தில் படம் போட்ட ஆறு மெல்லிய புத்தகங்களை எடுத்துத் தராசில் வைத்தேன். முள் அசைவேனா என்றது. கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு பழைய டெலிபோன் டைரக்டரியைத் தூக்கிக்கொண்டு வந்து தொப்பென்று போட்டார்.

"இத்தையும் எடுத்துக்கினு போம்மா. அந்த சின்ன புக்கெல்லாம் ஒரு வாரத்துல முடிஞ்சிடும். இது பத்து வருசம் ஆனாலும் மனப்பாடம் ஆவாது."

மேரி அக்காவின் பொட்டலம்

தைத்து முடித்த ரவிக்கைகளை நியூஸ் பேப்பரில் சுற்றி, மேலே பேர் எழுதின துண்டுச் சீட்டைக் குத்திவைப்பது என் வழக்கம். சீட்டைத் தமிழில்தான் எழுதுவேன். பியூலாவுக்குப் பழக்கமாகட்டும் என்று இங்கிலீஷில் எழுத ஆரம்பித்து, யார் வந்து கேட்டாலும் சீட்டைப் படித்துப் பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பது அவள் வேலை என்று வைத்தேன். நாலு நாள் ஜோராக ஓடியது. நானும் மெஷினை விட்டு எழுந்திருக்காமல் மகாராணியாக இருந்தேன்.

ஐந்தாவது நாள் சனிக்கிழமை. மேரி அக்கா வந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனார். மேரி அக்கா எங்கள் லைனிலேயே நல்ல வாட்டசாட்டமான மனுஷி. சர்ச்சில் பெஞ்சுக்கு நாலு பேர் உட்காருகிற இடத்தில் அவரோடு மூன்று பேர்தான். மறுநாள் காலையில் ஆராதனைக்குப் புறப்படுகிற நேரத்தில், பாதி சீவின தலையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் இருந்தது கல்லூரிக்குப் போகிற மலரின் ரவிக்கை. மலர், ஊதினால் பறந்துவிடுகிற பெண். மேரி, மலர், இரண்டுக்கும் இங்கிலீஷில் எம், ஏ வரை ஒன்று. அதற்கு மேல் பியூலா போகவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பியூலாவை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அவள் நகரவில்லை, அழவும் இல்லை. அடி வரும் என்று தெரிந்துகொண்டு கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்குக் கை இறங்கிவிட்டது. மேரி அக்கா அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அந்த ரவிக்கையைத் தன் மேல் வைத்துப் பார்த்தார்.

"இன்னா எஸ்தர், என் கண்ணாலத்துக்குத் தெச்ச அளவ இன்னுமா பத்திரமா வெச்சிக்கினு இருக்கிற?"

வாயில் குண்டூசி

அன்றுதான் எனக்கு நோய் பிடிபட்டது. பியூலா முதல் எழுத்தைப் பார்க்கிறாள். மிச்சத்தை அவளே தைத்துவிடுகிறாள். 'ஹவுஸ்' இருந்தால் 'ஹார்ஸ்' என்பாள், 'ஹார்ஸ்' இருந்தால் 'ஹாஸ்பிடல்' என்பாள். அவள் கண் ஓடிப்போகாமல் பிடித்து நிறுத்த வேண்டும். ரவிக்கைத் துணி வந்த அட்டைப்பெட்டியில் ஒரு துண்டை வெட்டினேன். நடுவில், பொத்தான் மாட்ட காஜா எடுக்கிற மாதிரி, மூன்று எழுத்து மட்டும் தெரிகிற நீளத்துக்கு ஒரு துளை போட்டேன். அதை வரியின் மேல் வைத்து நகர்த்திக்கொண்டே போகவேண்டும். தெரிகிறதை மட்டும் படிக்கவேண்டும், தெரியாததைப் படிக்கக் கூடாது. அதற்கு காஜா அட்டை என்று அவளே பேர் வைத்தாள்.

இதில் பெரிய தடை நான்தான். என் பொறுமை ஒரு பாபின் நூல் அளவுதான் வரும். அவள் ஒரு வார்த்தையில் திணறினால் போதும், என்னையறியாமல் நான் சொல்லிவிடுவேன். அவளும் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விடுவாள். அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். அவள் படிக்க உட்கார்ந்ததும் நாலு குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டு தைக்க உட்கார்ந்துவிடுவேன். வாயைத் திறந்தால் ஊசி மடியில் விழும். முதல் இரண்டு வாரம் ஒரு பக்கத்துக்கு ஒரு ரவிக்கை ஹெம்மிங் முடிந்துவிடும். 'எலிஃபண்ட்' என்ற வார்த்தைக்கு ஒரு முழுக் கை வைத்துத் தைத்தேன். ஒரு நாள் வாசலில் யாரோ கூப்பிடுகிறார்களே என்று பதில் சொல்ல ஊசியை எடுக்கப் போனேன். பியூலா அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டித் தடுத்தாள்.

"ஊசிய எடுக்காத மா. நான் இன்னும் முடிக்கல."

மசாலையர்

கிறிஸ்துமஸ் வந்தது. சண்டே ஸ்கூல் பிள்ளைகளின் நிகழ்ச்சியில் ஆளுக்கொரு வேலை. பியூலாவுக்கு, அடுத்து என்ன பாட்டு என்று அறிவிக்கிற வேலை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், தமிழ் எழுத்து வராது. அதனால் தமிழ் வார்த்தைகளையே இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுப்பார்கள். அந்தத் தாள் அன்று சாயங்காலம்தான் அவள் கைக்கு வந்தது. மனப்பாடம் செய்ய நேரமே இல்லை. பியூலா மைக் முன்னால் போய் நின்று, பாவாடைப் பையிலிருந்து காஜா அட்டையை எடுத்துத் தாளின் மேல் வைத்தாள்.

'வரவேற்புப் பாடல்' மெதுவாக வந்தது, ஆனால் முழுசாக வந்தது. அடுத்தது சின்னக் குழந்தைகள் பாடுகிற மழலையர் பாடல். நம்முடைய 'ழ'வுக்கு இங்கிலீஷில் இஸட் போட்டு ஹெச் போடுகிறார்களே, அது அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி, ஒன்றையும் விடாமல், ஊகிக்காமல், சத்தமாகப் படித்தாள்: "அடுத்து, மசாலையர் பாடல்." ஹாலே அதிர்ந்தது. எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். பின்வரிசைப் பையன் ஒருவன் "எந்த ஐயரு?" என்று கேட்டுவிட, எங்கள் ஐயரே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். பியூலா அட்டையைப் பைக்குள் திணித்தாள். கண் நிறைந்துவிட்டது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஊர் முன்னால் நிஜமாக வாசித்திருக்கிறாள், அதற்கு இந்தப் பரிசா என்று எனக்கு வயிறு எரிந்தது. அப்போது பெண்கள் பக்கத்து பெஞ்சிலிருந்து மேரி அக்கா எழுந்து நின்றார்.

"இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க? எழுதிக்கீறத எழுதினமாரி படிச்சிது புள்ள. அன்னிக்கி என் பேர இதுமாரி கடைசி எழுத்து வரைக்கும் படிச்சிருந்தா எனக்கு என் ரவிக்கையே வந்திருக்கும்."

ஹெட்மிஸ்ட்ரஸ் ரூம்

மேரி அக்கா சொன்னதற்கும் ஹால் சிரித்தது. இந்தத் தடவை பியூலாவும் சிரித்துவிட்டு அட்டையை மறுபடி வெளியே எடுத்தாள். அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. சோப்பு டப்பா, மாத்திரை அட்டை, கல்யாணப் பத்திரிகை, எல்லாவற்றின் மேலும் காஜா ஊர்ந்தது. ஆனாலும் பிப்ரவரி நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசித்துக் காட்டுகிற அன்று என்னையும் ரூமுக்குள் நிற்க விட்டார்கள், வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. குண்டூசி கொண்டுவர மறந்துவிட்டேன். முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு புத்தம்புது புத்தகத்தைப் பிரித்து வைத்தார். உடம்பைப் பற்றிய பாடம். பியூலா அட்டையை எடுத்ததும் இது என்ன என்று கேட்டார். "காஜா, மிஸ்" என்றாள். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, சரி வைத்துக்கொள் என்றார். பியூலா படித்தாள். எலும்பு, தோல், தசை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனாள். இரண்டு இடத்தில் நின்றாள், பின்னால் போய்த் திரும்ப வந்தாள். நாலாவது வரியில் ஒரு நீள வார்த்தை. அதைப் பார்த்ததும் அட்டையையே தூக்கிவிட்டு ஒரே மூச்சில் சொன்னாள்: "ஸ்கெலட்டன்." ஹெட்மிஸ்ட்ரஸுக்கு ஆச்சரியம், அந்த வார்த்தையில் பெரிய வகுப்புப் பிள்ளைகளே விழுந்துவிடுவார்களாம். எனக்கோ பகீரென்றது. அது எங்கள் போர்டில் இருக்கிற வார்த்தை. பழைய நோய் திரும்பிவிட்டது என்று நினைத்தேன்.

மேலே படி என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். அட்டையைத் திரும்ப வைத்து அடுத்த வரியைப் படித்தாள். நம் எல்லோருக்கும் ஒரு ஸ்கெலட்டன் இருக்கிறது என்று அந்த வரியில் இருந்தது. நின்றாள். அட்டையை வரியின் ஆரம்பத்துக்கு இழுத்து, இன்னொரு முறை படித்தாள். பிறகு புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, "இது தப்பு மிஸ். எல்லாருக்கும் ஸ்கெலட்டன் இல்ல. எங்க வீடுதான் ஸ்கெலட்டன். ரோஷினி வீடு மாரிக்குப்பம்" என்றாள். ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தார். அப்புறம் அவள் மணிக்கட்டைப் பிடித்து எலும்பைத் தொட்டுக் காட்டி, எலும்புக்கூட்டுக்கும் அதுதான் பேர் என்று விளக்கினார். பியூலா தன் கையைப் பார்த்தாள், ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்தாள், இத்தனை நாள் இதைச் சொல்லவே இல்லையே என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். நான் முந்தானையை வாயிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் கடித்த ஈரம், மறுபக்கம் கண்ணீர். ஹெட்மிஸ்ட்ரஸ் என் பக்கம் திரும்பினார்.

"மனப்பாடம் பண்ற புள்ள புஸ்தகத்தோட சண்டை போடாதும்மா. நாலாங்கிளாஸுக்கே அனுப்புங்க."

போர்டு

ஜூனில் பியூலா நாலாம் வகுப்பில் ரோஷினி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முதல் நாள் ஸ்கூல் விட்டு வந்தவள் வீட்டுக்குள் வராமல் ரோட்டிலேயே நின்று எங்கள் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் அட்டை இல்லை. என்னடி என்று கேட்டேன். 'டெய்லர்' என்பதில் கடைசிக்கு முந்தின எழுத்து ஓ வரவேண்டும், நீ இ போட்டிருக்கிறாய் என்றாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. உள்ளே போய் டெலிபோன் டைரக்டரியைத் தூக்கிக்கொண்டு வந்து, எடைக்கு வாங்கினதற்கு முதல் தடவையாகப் பலன் கிடைக்க, டெய்லர் கடைகள் இருக்கிற பக்கத்தை விரித்துக் காட்டினாள். ஒரு பக்கம் முழுக்க ஓ.

பத்து வருஷமாகத் தொங்குகிற போர்டு. எத்தனை பேர் பார்த்துச் சிரித்திருப்பார்களோ என்று நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். பியூலா பக்கத்தில் வந்து என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"பரவால்ல மா. எல்லாரும் மொத எழுத்தப் பாத்துட்டு கரெக்டா வந்துடறாங்க இல்ல?"

இந்த உத்தியோகத்தில் இருக்கிற ஒரே ஆபத்து, ஒரு நாள் பிள்ளைக்கு நிஜமாகவே வாசிக்க வந்துவிடும் என்பதுதான்.